பண்டகசாலைக்கு அடுத்த வேலை



தஞ்சை மண்ணில் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கோயிலைப் பேசுவார்கள்; அடுத்தபடியாக அரண்மனையை, சரஸ்வதி மகாலை, சத்திரங்களைப் பேசுவார்கள். நெல்லும் துணியும் மிளகும் அடுக்கிவைத்த கட்டடங்களுக்கு மேடையில் இடம் கிடைப்பதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றைத்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்காக எழுந்த ஒரு கட்டடம், அந்தத் தொழில் போன பிறகு வேறொரு வேலை கிடைத்தால்தான் நிலைக்கும். அந்த வேலை ஊர்மக்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். பழைய வேலையை மறைத்துவிடாததாகவும் இருக்க வேண்டும். முதல் தகுதி இல்லாவிட்டால் கட்டடம் போய்விடும். இரண்டாவது இல்லாவிட்டால் கட்டடம் நிற்கும், வரலாறு போய்விடும். இதற்கு ஆதாரமாக முதலில் தரங்கம்பாடியைக் காட்டுகிறேன்.

தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் டேன்ஸ்பர்க்கை எல்லோரும் கோட்டை என்றே அழைக்கிறோம். மதில் உண்டு, பீரங்கி உண்டு. ஆகவே பெயர் தவறல்ல. ஆனால் அது எதற்காகக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் ஆதரவில் 1616-இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. அதன் கப்பல்களோடு வந்த ஓவே கெட்டே 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். கம்பெனிக்கு வேண்டியது நாடல்ல, சரக்கு. அதனால்தான் கட்டடம் அப்படி அமைந்தது: தரைத்தளத்தில் கவிமாடக் கூரை போட்ட, தடித்த சுவருள்ள அறைகள், மேல்தளத்தில் ஆளுநரும் அதிகாரிகளும் குடியிருந்த பகுதி. கீழே பண்டம், மேலே கணக்கும் அதிகாரமும். அந்தக் கீழறைகளில் சரக்கு இருந்தது, வெடிமருந்து இருந்தது, சிறையும் இருந்தது. ஆளுநரோடு மோதிய பாதிரியார் சீகன்பால்கு 1708-இல் அடைக்கப்பட்டது இந்தக் கோட்டைக்குள்தான்.

அந்தச் சரக்கு வந்து போன வழியைச் சற்று நினைத்துப் பாருங்கள். தரங்கம்பாடியில் கப்பல் கரையை அணையும் துறைமுகம் இருந்ததில்லை. கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலைகளுக்கு நடுவே படகில்தான் பொதிகள் ஏறி இறங்கும். காவிரிப் படுகையின் தறிகளில் நெய்த பருத்தித் துணி மாட்டு வண்டியில் வந்து, தரகர் கை மாறி, இந்தக் கீழறைகளில் தரம் பார்த்து அடுக்கப்பட்டு, கப்பல் வரும் பருவம்வரை காத்திருந்தது. நெசவாளி, வண்டிக்காரர், படகோட்டி, பொதி சுமந்தவர், கணக்கெழுதியவர் என்று எத்தனையோ பேரின் உழைப்பு இந்தச் சுவர்களுக்குள் வந்து சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து கப்பலேறினார்கள். ஆகவே டேன்ஸ்பர்க்கை மன்னர்களும் தளபதிகளும் விட்டுச்சென்ற சின்னமாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. அது ஒரு வேலைத்தலம். அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அதன் பிற்காலக் கதையும் விளங்கும்.

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டது. அதன் பிறகு 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியது. தண்டவாளம் எந்தத் துறைக்குப் போகிறதோ அங்கேதான் சரக்கும் போகும். தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து ரயில் வந்தது 1926-இல். அதற்குள் கடல் வாணிபம் கைவிட்டுப் போயிருந்தது, அந்தப் பாதையும் 1986-இல் மூடப்பட்டது. வேலை போன துறைமுகத்தில் பண்டகசாலை மட்டும் எப்படித் தப்பியது? அதற்கு வேறு வேலை கிடைத்ததால்தான். அது அரசின் பயணியர் விடுதியாயிற்று. 1970-களின் இறுதிவரை அங்கே ஆட்கள் வந்து தங்கினார்கள். பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை பொறுப்பேற்று அருங்காட்சியகம் அமைத்தது. விடுதியாக இருந்ததில் பெருமை ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் மேலே ஆள் படுத்திருந்தால் கூரை ஒழுகுவது அன்றிரவே தெரிந்துவிடும். வெடிப்பில் முளைக்கும் ஆலங்கன்று பிடுங்கப்படும். கதவுக்கு ஒரு சாவியும் சாவிக்கு ஒரு காவலரும் இருப்பார்கள். கடற்கரை உப்புக்காற்றில் செங்கல்லும் சுண்ணாம்பும் நூறாண்டு தாங்குவதற்கு இந்தச் சில்லறைக் கவனிப்புதான் அடிப்படை.

வேலை கிடைக்காதவற்றின் கதியையும் பக்கத்திலேயே காணலாம். டேனிஷ்காரர் காலத்தில் தரங்கம்பாடியைச் சுற்றி மதில் இருந்தது. 1792-இல் கட்டிய நகர வாயில் தெருவின் தலைப்பில் நிற்பதால் இன்றும் ஊர் அதன் வழியாகவே வந்துபோகிறது. யாருக்கும் பயன்படாத மதில் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்காகப் பொறையாறில் ஒரு காகித ஆலை ஏற்படுத்தினார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அந்த முயற்சி நம் தொழில் வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று. அந்தப் புத்தகம் நூலகங்களில் இருக்கிறது. போய்ப் பார்க்க அந்த ஆலை இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் பொன்மலைக்குப் பெயர்ந்தது. பணிமனைகளை ஒன்றாக்கி ஆட்களைக் குறைக்கும் அந்த ஏற்பாட்டை எதிர்த்து எழுந்ததே 1928-ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றார். பணிமனை போனபோது அந்தத் துறைமுக நகரம் ஆயிரக்கணக்கான கைகளின் திறமையை இழந்தது. அந்த உழைப்பை எடுத்துச்சொல்லும் பொது இடம் ஒன்று நாகையில் இன்று இருந்திருக்க வேண்டாமா?

கடலோரத் தொழிற்கட்டடம் ஒன்று எத்தனை பிறவி எடுக்க முடியும் என்பதற்குச் சென்னையின் ஐஸ் ஹவுஸைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃப்ரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியை அறுத்து, மரத்தூள் பொதிந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி நான்கு மாதப் பயணத்தில் இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது 180 டன். கரை சேர்ந்தது ஏறத்தாழ 100 டன். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842-இல், அலை எட்டும் தூரத்தில் கட்டப்பட்டது. அப்போது சென்னையில் துறைமுகமும் இல்லை. கப்பலிலிருந்து மசூலாப் படகில்தான் பனிக்கட்டியும் வந்து இறங்கியது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் காலம் வந்ததும் அந்த வணிகம் உருகிப்போனது.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கிக் குடியிருக்க ஏற்றபடி மாற்றினார். 1897 பிப்ரவரியில், கும்பகோணத்தில் உரையாற்றிவிட்டுச் சென்னை வந்த சுவாமி விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். பிறகு சில ஆண்டுகள் ராமகிருஷ்ண மடத்தின் பணி அங்கிருந்து நடந்தது. அதற்கடுத்து அரசின் கைக்கு வந்து, சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் இல்லம் ஆயிற்று. அவருடைய குடும்பம் இதே காவிரிப் படுகையின் ரிஷியூரைச் சேர்ந்தது. பத்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் வாழ்வு முடிந்துவிட்டதாக வீட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள் அந்தக் கிடங்கில் தங்கிப் படித்து ஆசிரியைகளானார்கள். பின்னர் மாணவியர் விடுதி, 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்ற பெயர், 1997-இல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகை, இன்று கண்காட்சி. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த கிடங்குகள் இடிந்து இடம் தெரியாமல் போயின. மூன்றும் ஒரே வணிகத்துக்காகக் கட்டியவை. ஒரே காரணத்தால் வேலை இழந்தவை. மூன்றில் ஒன்று மட்டும் நிற்கிறதென்றால், அடுத்தடுத்து யாரோ ஒருவருக்கு அது தேவைப்பட்டுக்கொண்டே இருந்ததைத் தவிர வேறு என்ன காரணம் சொல்ல முடியும்?

இதே உண்மையைத் தரங்கம்பாடிக் கடல்வழியின் மறுமுனையிலும் காணலாம். 1732-இல் டென்மார்க்கில் ஆசியக் கம்பெனி என்ற புது நிறுவனம் தரங்கம்பாடி வாணிபத்தை எடுத்துக்கொண்டது. அது 1748-க்கும் 1750-க்கும் இடையே கோபன்ஹேகன் துறைமுகத்தில் ஒரு பெரிய பண்டகசாலை கட்டியது; வடிவமைத்தவர் அந்நாட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஐக்ட்வெட். கீழைக் கடல்களிலிருந்து வந்த கம்பெனிச் சரக்கு போய் இறங்கிய இடம் அது. இன்று அது டென்மார்க் வெளியுறவு அமைச்சகத்தின் கூட்ட அரங்கமாகப் பயன்படுகிறது. ஒரே வாணிபத்தின் இரண்டு முனைகளில் இரண்டு பண்டகசாலைகள். அங்கே உள்ளதில் இன்றைய அரசின் வேலை நடக்கிறது. இங்கே உள்ளதில் சீட்டு வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். அருங்காட்சியகம் வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. தொல்லியல் துறை எடுத்திராவிட்டால் டேன்ஸ்பர்க் இன்று எந்த நிலையில் இருந்திருக்குமோ! ஆனால் வெளியூர்க்காரர் விடுமுறையில் ஒருமுறை வந்துபோகும் இடத்துக்கும், உள்ளூர்க்காரர் வாரந்தோறும் காரியமாக வந்துபோகும் இடத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னதன் ஆயுள் அரசின் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது. பின்னதற்கு ஊரே காவல்.

இதற்கு மறுப்புகள் எழும். முதல் மறுப்பு: அந்நியர் நம்மைச் சுரண்டக் கட்டியதை நாம் ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. டேன்ஸ்பர்க்கை டேனிஷ் ஆளுநர்களின் புகழுக்காகக் காப்பதென்றால் நானும் எதிர்ப்பேன். ஆனால் செங்கல் சுட்டவர் யார், சுண்ணாம்பு அரைத்தவர் யார், உள்ளே இருந்த துணியை நெய்தவர் யார்? பெயர் எழுதிவைக்கப்படாத அந்த மனிதர்களுக்குத் தனி நினைவுச்சின்னம் கிடையாது. அவர்கள் உழைத்த இடம்தான் சின்னம். அதை இடித்தால் சுரண்டியவர் வரலாறு ஒன்றும் அழியாது. அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அழிவது நம்மவர் வரலாறுதான். விற்கப்பட்ட அடிமைகளின் கதையையும் சேர்த்துச் சொல்ல அந்தக் கீழறையைவிடத் தகுந்த இடம் வேறு ஏது?

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும்: பழைய கட்டடத்தில் புது வேலையை நுழைத்தால் அதன் தூய்மை கெட்டுவிடும், பூட்டிவைத்துக் காப்பதே மேல். இதற்கு விடை பெரிய கோயிலிலேயே இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கடந்தும் அது நிற்கக் காரணம் கல்லின் உறுதி மட்டுமல்ல. அங்கே விளக்கேற்றுவதும் மக்கள் கூடுவதும் தொடர்ந்தன. ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து நெல் கொடுத்ததைக் கல்வெட்டில் பொறித்துவைத்தவர்கள், கட்டியதோடு விட்டுவிடாமல், அது நடந்துகொண்டே இருக்க வழிசெய்தவர்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் நிற்கிறது. ராஜேந்திரன் வாழ்ந்த அரண்மனையோ மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்தப் பயன்பாட்டுக்கும் ஒரு வரம்பு தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் பொரிந்துவிடும். அதைத் தடுக்க விதி வேண்டும், விதியைக் கண்காணிக்கும் பொறியாளரும் வேண்டும். அதற்காகப் பயன்பாட்டையே தடுப்பது தீர்வாகாது.

மூன்றாவது மறுப்பு மனத்தை உறுத்துவது. 2004 ஆழிப்பேரலையில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தரங்கம்பாடியின் மாசிலாமணிநாதர் கோயில் 1306-இல் எழுந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மீனவருக்கு வீடும் கரைக்குப் பாதுகாப்பும் கேட்கும் இடத்தில், பழைய சுவருக்குப் பணம் ஒதுக்குவது அறமா? பழைய சுவர் வெறும் காட்சிப்பொருளாக இருக்கும்வரை இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடையாது. அதனால்தான் அன்றாடத் தேவை என்பதை முதல் தகுதியாக வைத்தேன். அந்தக் கட்டடம் மீனவர் பிள்ளைகள் படிக்கும் நூலகமாகவோ, மீனவப் பெண்கள் தொழில் நடத்தும் கூடமாகவோ இருந்தால், அதைச் செப்பனிடும் பணமும் மக்களுக்கான பணமே. கரையைக் காக்க அரசு கொட்டும் பாறைக்கற்களும் குடியிருப்பையும் கட்டடத்தையும் சேர்த்தே காக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க வேண்டியதில்லை.

இனி, இரண்டாவது தகுதிக்கு வருகிறேன். ஐஸ் ஹவுஸ் முதல் தகுதியில் சிறப்பாகத் தேறியது. இரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியவில்லை. பேட்டையின் பெயர் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். ஆனால் பனிக்கட்டியைச் சுமந்த படகோட்டியையும் கூலியாளையும் அந்தப் பெயர் யாருக்கும் நினைவூட்டுவதில்லை. பின்னால் வந்த பெரும் பெயர் முன்னால் இருந்த சிறு பெயர்களை மூடிவிடும். இதில் யாரையும் குறைசொல்வதற்கில்லை, கவனமாக இருந்தால் தவிர்க்கலாம். டேன்ஸ்பர்க்கிலும் அதே நிலைமை. கோட்டை என்ற ஒரு சொல்லில் பீரங்கி நிற்கிறது, தறி மறைந்துவிடுகிறது. ஆகவே என் முதல் கோரிக்கை: அந்தக் கீழறைகளை அவற்றின் பழைய வேலையைக் கொண்டே மக்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். இந்த அறையில் துணிப்பொதி, இதில் வெடிமருந்து, இதில் கைதி என்று வாசலிலேயே தமிழில் எழுதிவையுங்கள். பக்கத்து மயிலாடுதுறையின் கூறைநாட்டில் கல்யாணக் கூறைப்புடவை நெய்த தறிகள் அருகிக்கொண்டு வருகின்றன. கோட்டை வளாகத்தில் நிலையான கைத்தறிச் சந்தை ஒன்று நடந்தால், நானூறு ஆண்டுக்கு முன் அங்கே துணி கொடுத்த மண்ணுக்கு அந்தக் கட்டடம் மறுபடியும் வேலை கொடுக்கும்.

இரண்டாவது கோரிக்கை கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வருகிறது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. முழுக்கச் செங்கல், வட்ட வடிவம், கூம்பிய கூரை. நெல் கொட்டவும் எடுக்கவும் வெவ்வேறு உயரங்களில் திறப்புகள். நெல் மட்டம் இறங்க இறங்கக் கீழ்த் திறப்பு வழியாக எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். டேன்ஸ்பர்க்குக்கு இடம் கொடுத்த அதே நாயக்கர் அரசின் உள்நாட்டுக் கையிருப்பு இந்த வகைக் களஞ்சியங்களில்தான் இருந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அது நிற்கிறது, வெறுமையாக. அதற்குப் பின்வந்த தலைமுறைக் கட்டடங்கள் நம் ரைஸ் மில்கள்: நெல் ஊறவைக்கும் தொட்டி, அவிக்கும் கொப்பரை, காயப்போடும் களம், உமி எரித்த அடுப்புக்கு மேலே செங்கல் புகைபோக்கி. இந்தப் படுகையின் ஊர் ஊராக நின்ற அவை இயந்திரம் மாறியதும் நின்றுபோய், ஒவ்வொன்றாக மனைப் பிரிவுகளாகிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்குத் தொல்லியல் சட்டப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது; அதற்குரிய வயது இல்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் தார்ப்பாயின் கீழ் மழைக்குக் காத்திருப்பதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். கூரையும் களமும் உள்ள கட்டடத்தை இடித்துவிட்டு, கூரையில்லாமல் நெல்லை நனையவிடுவது எந்தக் கணக்கில் சரி?

எல்லா மில்லையும் காப்பாற்ற முடியாது என்பார்கள். முடியாதுதான், நானும் கேட்கவில்லை. இடிக்கும் முன் கணக்கெடுங்கள் என்கிறேன். ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள பழைய ஆலை, கிடங்கு, களஞ்சியம் எவை, அவற்றின் கூரையும் சுவரும் என்ன நிலையில் உள்ளன, யாருக்குச் சொந்தம், யார் அங்கே வேலை செய்தார்கள் என்று கல்லூரி மாணவர்களைக் கொண்டு பதிவுசெய்யுங்கள். அந்த மில்களில் நெல் அவித்த பெண்களும் மூட்டை தூக்கிய ஆண்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்கு மட்டும்தான். பதிவு கையில் இருந்தால், வட்டத்துக்கு ஒன்றிரண்டு கட்டடங்களையாவது தேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடலாம். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் பாரம்பரிய நெல் விதைகளை மீட்டு, உழவர் கைக்கு விதை போய்ச் சேர வழிசெய்தார். அவருக்குப் பிறகும் தொடரும் அந்தப் பணிக்கு ஈரம் படாத விதைக் கிடங்கு வேண்டும். மில் உரிமையாளருக்கு நட்டம் வரக்கூடாது என்பதும் உண்மை. இடிக்காமல் பயன்பாட்டுக்கு விடுபவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்க உள்ளாட்சிகளுக்கு அரசு வழிசெய்யட்டும்.

கட்டடம் தானாகப் பேசாது; அதில் இன்று நடக்கும் வேலைதான் அதன் சார்பில் பேசும். தஞ்சை நெல்லும் துணியும் இந்த மண்ணின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனவை. அவற்றை அடுக்கிவைத்த அறைகளுக்கு அடுத்த வேலை என்ன என்று முடிவுசெய்யும் பொறுப்பு தொல்லியல் துறைக்கு மட்டும் உரியதல்ல. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உழவர் சங்கத்துக்கும் கல்லூரிக்கும் உரியது. வரும் அறுவடைக்குள் உங்கள் வட்டத்தின் கணக்கெடுப்பை முடித்து, முதல் கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று இந்த அவையைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.